கோவலன் கேட்ட இடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காரைக்குடிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் தங்கும் விடுதிகள் பல உண்டு. மாலை மங்கும் வேளையில் தோல்பையோடு அவற்றின் படியேறுவோரில் பாதிப்பேர் விற்பனைப் பிரதிநிதிகள். மருந்து விற்பவர், நூல் விற்பவர், உழவுக் கருவிக்கு ஆணை பிடிக்க வந்தவர் என வகை பல. இரவு பத்து மணிக்கு அவருள் ஒருவரின் நிலை எப்படி இருக்கும்? மின்விசிறி காற்றைவிட ஓசையையே மிகுதியாகத் தரும். தலையணையில் முன்னிரவு படுத்தவரின் எண்ணெய் வாடை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பணியாளுக்கு மட்டுமே தெரிந்த கமுக்கம். அடுத்த அறையில் சீட்டாட்டம். கண்ணை மூடினால் நாளை பார்க்க வேண்டிய கடைகளும், வசூலாகாத பாக்கியும் வரிசை கட்டி நிற்கும். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். தேநீர்க் கடையில் நிற்கும் ஒருவரின் பேச்சில் தம் ஊர்ச் சாயல் கேட்கிறது. "அண்ணனுக்கு எந்தப் பக்கம்?" என்று தொடங்கும் பேச்சு அரை மணி நேரம் நீள்கிறது. திரும்பி வந்து படுத்தவர் உறங்கிவிடுகிறார்.

மின்விசிறி மாறவில்லை, தலையணை மாறவில்லை, சீட்டாட்டமும் ஓயவில்லை. ஆயினும் உறக்கம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதே இவ்வுரையின் வினா. இந்த வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடை எழுதி வைத்திருக்கும் மண் செட்டிநாடு. அந்த விடையின் நிறைவையும் குறைவையும் எண்ணிப் பார்ப்பது இலக்கிய அன்பர்களுக்கு உரிய கடமை.

பொருள் தேடி வீட்டைப் பிரிதல் தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. பாலைத் திணையின் பெரும்பகுதி பொருள்வயின் பிரிவைச் சுற்றியே இயங்குகிறது. அங்கே வழியின் கொடுமை பேசப்படுகிறது, வெயில் பேசப்படுகிறது, ஆறலை கள்வர் பேசப்படுகின்றனர், வீட்டில் நாளெண்ணும் தலைவியின் விரல் பேசப்படுகிறது. ஆனால் பிரிந்து போன தலைவன் இரவில் எங்கே தலை சாய்த்தான், எதை உண்டான், யாரோடு பேசினான் என்பவை அரிதாகவே சொல்லப்படுகின்றன. பாழ்பட்ட பொதியிலின் காட்சி அகநானூற்றில் வருகிறது. அதுவும் தங்கும் இடமாக இல்லை; தங்க முடியாமற் போன இடமாகவே காட்சி தருகிறது.

தங்குமிடத்தைப் பற்றி மனந்திறந்து பேசுவன ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று வரும் கலைஞன் எதிர்ப்பட்ட கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் வரவேற்பார், இலையில் என்ன விழும் என்பதையெல்லாம் விரிக்கிறான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருவர். வேலூர் எயினர் புளியிட்ட சோறு தருவர். ஆமூர் உழவர் நண்டுக் கறியோடு வெண்சோறு தருவர். மலைபடுகடாம், காட்டுப்பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, தினைப்புனம் காப்போரின் கவண்கல்லுக்கு விலகிப் போ என்று எச்சரிக்கிறது. இன்றைய பயணக் கையேடுகள் இதைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடவில்லை. ஒன்று கவனிக்கத் தக்கது. பாணனுக்கு வழியெங்கும் வீடு உண்டு. ஏனெனில் அவனிடம் யாழ் உண்டு. வணிகனிடம் இருப்பது சரக்கு. சரக்கோடு வருபவனை ஊர் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறது.

தொழிலுக்காகப் பயணம் போய்த் தங்க இடமின்றித் தவித்த வணிகனின் கதை தமிழில் ஒன்று உண்டு. அதைப் பயணக் கதை என்று எவரும் படிப்பதில்லை. அது சிலப்பதிகாரம். கோவலன் மதுரைக்குச் சென்றது வணிகத்தின் பொருட்டு. கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு இழந்த பொருளை மீண்டும் ஈட்ட வேண்டும் என்பதே அவன் திட்டம். மதுரையின் புறஞ்சேரியில் அறவோர் வாழும் இடத்தில் இருவரும் கவுந்தியடிகளோடு இறங்குகின்றனர். நகருக்குள் சென்று அங்குள்ள வணிகருக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகவும், அதுவரை கண்ணகியைக் காக்கும்படியும் கோவலன் அடிகளிடம் வேண்டுகிறான். நகருக்குள் போகிறான், வீதிகளைக் கண்டு வியக்கிறான், திரும்பி வருகிறான். வணிகர் வீட்டுக் கதவு ஒன்றும் திறந்ததாகக் காப்பியம் கூறவில்லை. துறவோர்க்கு உரிய இந்த இடம் உனக்குப் பொருந்தாது, வணிகர் உன்னை ஏற்றுக்கொள்வர், பொழுது சாயுமுன் நகருக்குள் போ என்று மாடலனும் அடிகளும் வற்புறுத்துகின்றனர். அந்த வேளையில் ஆயர்குல மூதாட்டி மாதரி வருகிறாள். அடைக்கலம் அமைகிறது. சிறிய புதுமனை, காய்கறி, அரிசி, மோர் நெய் எல்லாம் கிடைக்கின்றன. கண்ணகி சமைக்கிறாள், கோவலன் வாழை இலையில் உண்கிறான். அன்பு நிறைந்த இடந்தான். ஆனால் ஆயர்பாடியில் சிலம்பின் விலை அறிந்தவர் எவருமில்லை. கடைவீதியில் எவனை நம்பலாம், எவனை நம்பலாகாது என்று சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை. மறுநாள் அவன் தனியே கடைவீதிக்குப் போகிறான். பொற்கொல்லனைச் சந்திக்கிறான். பிறகு நடந்தது நாடறிந்தது.

மதுரையில் பூம்புகார் வணிகருக்கென ஒரு விடுதி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 'தம்பி, அந்த ஆளிடம் போகாதே. நாளைக் காலை நான் கூட வருகிறேன்' என்று சொல்ல மூத்தவர் ஒருவர் அங்கே இருந்திருப்பார். ஊழ்வினையைத் தடுத்திருக்க முடியாது என்று புலவர்கள் வாதிடலாம். வணிகர்கள் அப்படி வாதிடமாட்டார்கள்.

நகரத்தார் தம் மரபு வரலாற்றைக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்தே தொடங்குகின்றனர். கோவலன் கேட்டும் கிடைக்காத இடத்தை அவன் ஊரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கருதுவோர் கடல் கடந்து கட்டி வைத்தனர் என்பது எண்ணி மகிழத் தக்க பொருத்தம். அந்த இடத்தின் பெயர் கிட்டங்கி.

கிடங்கு என்ற சொல்லின் உறவுதான் கிட்டங்கி. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. இரங்கூனில் மொகல் தெரு செட்டியார்களின் தொழில் தெரு. 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் தொழிலகங்கள் இருப்பதாகக் கணித்தது. இவற்றை நடத்தியவர்களில் பெரும்பாலோர் முதலாளிகள் அல்லர். சம்பளத்துக்கு அனுப்பப்பட்ட ஏஜெண்டுகள், அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள். ஒரு தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்' என்பது அக்கால செட்டிநாட்டு வீடுகளில் அன்றாடம் கேட்ட தொடர். கொண்டு போய் விற்றல் என்ற எளிய சொல்லுக்குள் மூன்றாண்டுப் பிரிவு அடங்கியிருந்தது.

பயணத்தின் தொல்லை துறைமுகத்திலேயே தொடங்கிவிடும். 1926இல் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை மலேயாத் தமிழர் மறக்கமாட்டார்கள். சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற அக்கப்பலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற இடம் இருந்தது. அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடமே அறை, பெட்டியே சுவர். தளப்பயணிகளைத் தொற்றுக்காப்புத் தீவுகளில் சில நாள் நிறுத்தி வைத்த காலமும் உண்டு. பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவும், சிங்கப்பூருக்குத் தெற்கே செயிண்ட் ஜான் தீவும் அதற்கென இருந்தன. இலங்கைக்குப் போவோர்க்கு இராமநாதபுரத்துக் கரையிலேயே மண்டபம் முகாம் காத்திருந்தது. வீட்டில் பட்டாலையும் முகப்பும் கண்டு வளர்ந்தவர் மருந்து நீரின் நெடியில் வரிசையில் நின்றார். புறப்படும்போது அணிந்த திருநீறு ஒன்றே அவர் யாரென்று அவருக்கு நினைவூட்டியிருக்கும்.

கரையிறங்கியவர் நேரே போவது கிட்டங்கிக்கு. அது நீண்ட கூடம். அதன் இருபுறமும் சுவரோரமாகத் தொழிலகங்கள். ஒரு தொழிலகம் என்பது ஒரு பாயும், தாழ்ந்த எழுதுமேசையும், பூட்டுள்ள மரப்பெட்டியும், அதன்மேல் பேரேடுகளும். விலாசம் எனப்படும் தலைப்பெழுத்துகள் மட்டுமே ஒரு கடையை மற்றொன்றிலிருந்து பிரித்தன. பகலில் தரையில் அமர்ந்து கடன் கொடுத்து வட்டி எழுதிய அதே இடத்தில் இரவில் பாய் விரித்து உறங்கினர். சமையற்கட்டு பொது, சமையற்காரர் பொது, கிணற்றடியும் குளியலறையும் பொது. தனிமை என்ற ஒன்று அங்கு இல்லை. பக்கத்துப் பாயில் குறட்டை விடுபவர் தொழிலில் போட்டியாளர். நாள்முழுதும் ஒரே வாடிக்கையாளரை இருவரும் இழுத்திருப்பர். வெப்பமும் புழுக்கமும் கொசுவும் மூட்டைப்பூச்சியும் எவருக்கும் சலுகை காட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவே அந்த மனிதர்கள் மூன்றாண்டு நிலைகுலையாமல் இருந்தது எப்படி? அவர்கள் வசதியைத் தேடவில்லை; ஒழுங்கைத் தேடினார்கள். விடியற்காலை எழுந்து நீராடித் திருநீறிட்டுத் தொழில் தொடங்குதல், பந்தியில் அமர்ந்து ஊர்ச் சுவையில் உண்ணுதல், சனிக்கிழமை எண்ணெய் நீராட்டு, மாலையில் கோயில். இந்த நான்கு தூண்களின்மேல் நின்றது அவர்களின் நாள். ஊரிலிருந்து வந்த கடிதத்தை ஒருவர் படித்தால் அதில் பாதி எல்லார்க்கும் உரியது. எந்த ஊரில் மழை பெய்தது, எந்தக் கண்மாய் நிரம்பியது, யார் வீட்டில் சாந்தி, யார் வீட்டில் சீமந்தம் என்பவை பாய்க்குப் பாய் நடந்து போகும்.

கோயில் அவர்களுக்கு வழிபடும் இடம் மட்டுமன்று. மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தனர். தொழிலில் எழும் வழக்குகளையும் அங்கேயே தீர்த்துக்கொண்டனர். பகலெல்லாம் போட்டியிட்டவர்கள் மாலையில் ஒரே சந்நிதியில் நிற்கும்போது மனத்தின் முறுக்கு தளரும். சிங்கப்பூர்த் தேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. பினாங்கின் தைப்பூசத்தில் முருகன் பவனி வரும் வெள்ளி இரதம் காரைக்குடியில் செய்யப்பெற்று 1894இல் கப்பலேறிப் போனது. அந்த இரதம் புறப்படும் இடம் எது? கிட்டங்கிகள் நிறைந்த பினாங்குத் தெருவில் உள்ள 'கோயில் வீடு'. அங்கிருந்து நீர்வீழ்ச்சிச் சாலைக் கோயிலுக்கு முருகன் செல்கிறான். பாய் விரித்துப் படுத்தவர்களின் தெருவிலிருந்தே அவர்களின் தெய்வமும் பயணம் புறப்படுகிறது. கொண்டுவிக்கப் போனவர்கள் தம் தெய்வத்தையும் உடன் கொண்டு போயிருந்தனர். அத்தெய்வம் அவர்களைப் போலவே வழிநடையிலும் தங்கலிலும் பழகிப்போனது.

இதே அறிவுதான் யாத்திரைத் தலங்களில் நகர விடுதிகளாக உருப்பெற்றது. பழனியில், திருச்செந்தூரில், இராமேசுவரத்தில் அவை உண்டு. பழனி நடைப்பயணமே, உப்பு விற்கப் போன நெற்குப்பைக் குமரப்பரிடமிருந்து தொடங்கியது என்பது நகரத்தார் மரபு. வணிகப் பயணமே அங்கு வழிபாடாக மாறியது. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. அங்கிருந்து நாள்தோறும் 'சம்போ' முழக்கத்தோடு விசுவநாதருக்குப் பூசைப் பொருள்கள் புறப்படுகின்றன. மொழி தெரியாத ஊரில் மிளகுரசத்தின் மணம் எதிர்கொண்டால் பயணியின் பாதிச் சோர்வு வாசலிலேயே இறங்கிவிடும்.

தனிமனிதர் ஒருவர் வேறுவிதமாக விடை கண்ட செய்தியும் காரைக்குடியில் செவிவழியாக வழங்கி வருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் தொழில் நிமித்தமாகப் பம்பாய் சென்றபோது, பெயர் பெற்ற விடுதி ஒன்றில் அவருக்கு அறை இல்லை என்றார்களாம். அவர் அந்த விடுதியையே விலைக்கு வாங்கிவிட்டாராம். கேட்போர் கைதட்டும் கதை இது. ஆனால் அவர் வாழ்க்கையின் உண்மையான விடை அதுவன்று. 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். இறுதியில் தாம் வாழ்ந்த வீட்டையே மகளிர் கல்லூரிக்குக் கொடுத்தார். 1957இல் மறைந்தபோது அவருக்கு 47 வயது. ஓர் அறைக்காக விடுதியை வாங்கியவர் என்று ஊர் சொல்கிறது. ஊர்ப் பெண்களின் படிப்புக்காக வீட்டைக் கொடுத்தவர் என்று வரலாறு சொல்கிறது. முன்னது செல்வத்தின் விடை. பின்னது செட்டிநாட்டின் விடை.

பயணத்தின் ஓய்வு என்ன தரும் என்பதற்குக் கோட்டையூர் ஏ.கே. செட்டியாரைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. இரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர். தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தார். காந்தியடிகளின் பிறந்தநாள் அது. செய்வதற்கு ஒன்றுமில்லாத கடற்பொழுது. அந்தப் பொழுதில்தான் காந்தியடிகளின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அதற்காகக் கண்டங்கள் பல சுற்றி, கிடைத்த இடத்தில் தங்கி, துண்டு துண்டாகப் படச்சுருள்களைத் திரட்டினார். 1940இல் படம் வெளிவந்தது. பயணத்தில் சும்மா இருக்கும் பொழுதை வீண்பொழுது என்று கருதுவோர் அந்த ஒரு நாளை நினைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் பெருமை. இனி வருவது அந்தப் பெருமையின் மறுபக்கம்.

கோவலனுக்குக் கிடைக்காத இடத்தைக் கிட்டங்கி தந்தது, மெய். ஆனால் கோவலன் தனியாகச் செல்லவில்லை. கண்ணகி உடன் நடந்தாள். ஆயர்பாடியின் சிறுமனையில் அவள் சமைத்தாள், அவன் உண்டான். கிட்டங்கியில் கண்ணகிக்குப் பாய் இல்லை. ஆண்களுக்கு மட்டுமே ஆன கூடம் அது. வழியின் ஆபத்தும், தொழிலின் முறையும், சமூகத்தின் வழக்கமும் சேர்ந்து ஆச்சியை ஊரில் நிறுத்தின. அக்கால வணிகன் தங்குமிடத் தொல்லையைத் தீர்த்துக்கொண்டான் எனில், அதன் விலையைக் கட்டியவள் அவள்.

செட்டிநாட்டு வீட்டை உள்நுழைந்து பார்த்தவர்க்கு இது விளங்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், பெல்ஜியக் கண்ணாடி. எந்தப் பணத்தில் அது எழுந்ததோ அந்தப் பணத்தை ஈட்டியவர் கிட்டங்கித் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அந்தப் பணத்தின் ஊற்றைப் பற்றியும் உண்மையை மறைக்கலாகாது. 1930களின் பெருமந்தத்துக்குப் பின், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார் தொழிலகங்களின் கைக்கு வந்து சேர்ந்தது. தம் வீட்டையும் வயலையும் இழந்த பர்மிய உழவரின் இரவுகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவையே. ஐந்தொகையில் ஏறாத பற்றுகள் பல உண்டு.

அந்தப் பெருவீட்டில் இருந்து குடும்பத்தை நடத்தியவள் ஆச்சி. விளைச்சலையும் வட்டியையும் கணக்குப் பார்த்தாள், பிள்ளைகளை வளர்த்தாள், மாமியாரின் நோவுக்கு மருந்தரைத்தாள், சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சீர்வரிசைக்குப் பாத்திரம் அடுக்கினாள். தொட்டிலை ஆட்டித் தாலாட்டுப் பாடினாள். கொண்டுவிக்கப் போன அப்பச்சியும் அம்மானும் அந்தத் தாலாட்டில் வந்து போனார்கள். பிள்ளைக்கு அப்பச்சியின் முகம் தெரியுமுன் பாட்டில் அப்பச்சியின் கப்பல் தெரிந்தது. மூன்றாண்டு கழித்து வாசலில் இறங்கிய மனிதரைக் கண்டு பிள்ளை ஆத்தாளின் பின்னே ஒளிந்த காட்சி எத்தனை வீடுகளில் நிகழ்ந்திருக்கும்! கிட்டங்கியில் நெரிசல் ஒரு தொல்லை. வளவில் வெறுமை ஒரு தொல்லை. முன்னதைத் தீர்க்கப் பொதுச் சமையற்கட்டும் கோயிலும் இருந்தன. பின்னதைத் தீர்க்க இருந்தவை பெட்டியில் அடுக்கிய கடிதங்களும், அடுத்த தீவாளி வரைக்குமான நாள்கணக்கும்.

காலம் அந்த அமைப்பைக் கலைத்தது. 1941 டிசம்பர் 23இல் இரங்கூனில் குண்டு விழுந்தது. கிட்டங்கியின் பெட்டிகளைப் பூட்டிவிட்டு வந்தவர்களும், பூட்ட நேரமின்றி ஓடிவந்தவர்களும் அசாம் காடுகளின் வழியே நடந்தனர். அந்த நடையில் விடுதியும் இல்லை, சத்திரமும் இல்லை. பழைய பாலையே மீண்டும் வந்தது. 1963இலும் 1964இலும் பர்மாவில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் பழைய கிட்டங்கிகள் 1970களில் நகர மறுசீரமைப்புக்காக இடிக்கப்பட்டன. பாய் விரித்த இடத்தில் இன்று வானளாவிய வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. கடன் கொடுத்தல் அங்கே நின்றுவிடவில்லை. தரையில் அமர்வது மட்டும் நின்றுவிட்டது.

இங்கே செட்டிநாட்டில் என்ன ஆயிற்று? பங்காளிகள் பெருகினர்; வீடுகள் பூட்டப்பட்டன; தூண்கள் பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்ந்தன. பிழைத்த வீடுகளில் சில இன்று விடுதிகளாகி இருக்கின்றன. காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்', கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' முதலியவற்றைத் தேடி அயல்நாட்டார் வருகின்றனர். தந்தை ஒருவர் தம் மகளுக்கென்று கட்டிய வீடு 'விசாலம்'. இப்பகுதியின் ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அன்று எந்த வீட்டின் தலைவர் அயலூரில் இடம் தேடிப் போனாரோ, அந்த வீடே இன்று அயலூராருக்கு இடம் தருகிறது. பாரிசிலிருந்து வந்தவர் வளவின் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்துகிறார். அவருக்கு அந்த அமைதி பிடித்திருக்கிறது. அது மூன்று தலைமுறை ஆச்சிகள் காத்திருந்த அமைதி என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் எவருமில்லை.

அதைச் சொல்ல வேண்டியவர்கள் கவிஞர்கள். இந்த மண் கவிஞர்க்கு இடம் கொடுத்த மண். 1919இல் பாரதி செட்டிநாடு வந்தபோது கானாடுகாத்தானில் வயி.சு. சண்முகனாரின் வீடு அவரை ஏற்றுக்கொண்டது. காரைக்குடியில் இந்துமதாபிமான சங்கம் அவரைப் போற்றியது. 1939இல் சா. கணேசனார் தொடங்கிய கம்பன் விழாவுக்கு வந்த புலவர்கள் தங்க இடமின்றித் திரும்பியதில்லை. விருந்தோம்பலுக்கு நன்றிக்கடன் பாட்டு என்பது பாணர் காலத்து நெறி. அந்தக் கடனில் பெரும்பகுதி இன்னும் தீராமல் இருக்கிறது. கிட்டங்கியின் இரவைப் பற்றிய கவிதைகள் எத்தனை? பக்கத்துப் பாய்க்காரரின் குறட்டையில் ஊர்க் கூடத்தை நினைத்தவனைப் பற்றி? கடிதத்தில் எழுத முடியாததைத் தாலாட்டில் பாடியவளைப் பற்றி? பாலைத் திணை சங்கத்தோடு முடிந்துவிடவில்லை. அது நாகப்பட்டினத்தில் கப்பலேறியது. மொகல் தெருவில் வட்டி எழுதியது. இன்று பேருந்து நிலையத்து விடுதியில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கிறது.

தொடக்கத்தில் கண்ட விற்பனைப் பிரதிநிதிக்கு இனி விடை சொல்லலாம். அவரை உறங்க வைத்தது தேநீர்க் கடையில் கேட்ட ஊர்ச் சாயல். அயலிடத்தில் மனிதனுக்குக் குறைவது மெத்தையன்று. தன்னை அறிந்தவர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்ற உணர்வு. கிட்டங்கி அந்த உணர்வைப் பாயோடு சேர்த்து விரித்து வைத்தது. அவருக்கு இன்று கிட்டங்கி இல்லை. ஆனால் அதன் வழிகள் இருக்கின்றன. வந்திறங்கிய மாலையிலேயே குளித்து முடித்தல். கணக்கை அன்றன்றே எழுதி மூடுதல். ஊர்க் கோயிலுக்கோ கண்மாய்க் கரைக்கோ ஒருமுறை நடந்து வருதல். தனியே உண்ணாமல் ஒருவரோடு பேசி உண்ணுதல். இன்னொன்றையும் சேர்க்கலாம். படுக்குமுன் வீட்டுக்குப் பேசுதல். கைப்பேசி வந்த இக்காலத்தில் மூன்றாண்டு காக்க வேண்டிய கட்டாயம் எவளுக்கும் இல்லை. இருந்தும், 'சாப்பிட்டாயா?' என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் துண்டிப்பவர் பலர். மறுமுனையில் இருப்பவளுக்கும் ஓர் இரவு உண்டு என்பதை நினைப்பவரே கிட்டங்கி விட்டுவைத்த குறையை நிறைவு செய்பவர்.

பத்தாண்டுகளாக இந்த வட்டம் கூடி வருகிறது. வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்து, மாலைப்பொழுதைப் போக்க வழியறியாமல் இக்கூட்டத்துள் நுழைந்து, பின் கவிஞராக வெளியேறியவர்களும் இங்குண்டு. அவர்களைப் பொறுத்தவரை இந்த வட்டமும் ஒரு கிட்டங்கியே. கோவலனுக்குத் திறவாத கதவு இங்கே திறந்திருக்கிறது. கண்ணகிக்கும் சேர்த்தே திறந்திருக்கிறது என்பதை, இன்று அவையில் நிறைந்திருக்கும் பெண் கவிஞர்கள் காட்டுகின்றனர். அடுத்த பத்தாண்டில் இக்கதவு இன்னும் அகலத் திறக்கட்டும்; உள்ளே வருவோர் இளைப்பாறட்டும்; இளைப்பாறியோர் பாடட்டும்.